மூக்கறுந்த வாத்துகள்

போன வாரம் கண்டக்டரம்மாவை மாடிப்படியில் விட்டுவிட்டு வந்தோம். மருமகளின் பெட்டிக்குப் பூட்டு வாங்கப் போனவள், திரும்பி வந்ததும் மேலே ஏறாமல் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். என்ன ஆச்சு என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம் முழங்கால் வலி என்று பூசி மெழுகினாள். முழங்காலுக்கு ஒரு கேடும் இல்லை.

அந்தப் பூட்டு இன்று பெட்டியில் தொங்குகிறது. சாயங்காலம் சிக்னல்காரர் வேனோடு வருகிறார். மருமகள் போகிறாள்.

நடு வழியில் ஏறிக்கொண்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரலாம்.

கண்டக்டரம்மா நிஜமாகவே பஸ் கண்டக்டர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள், குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. அவள் வீட்டுக்காரர் கடைத்தெருவில் தராசு ரிப்பேர் செய்கிறவர். ஊருக்கே அவர் தராசுக்காரர். ஒரே மகன், வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். தினமும் காலையில் அவன் படியிறங்கும்போது இவள் மேலே நின்றுகொண்டு "போலாம், ரைட்" என்று குரல் கொடுப்பாள். அவனும் பஸ் மாதிரி உறுமிக்கொண்டே இறங்குவான். கல்யாணமாகி மனைவி பக்கத்தில் நின்று சிரித்த காலத்திலும் இந்தக் கூத்து நிற்கவில்லை. ஒருநாள் அப்படி ரைட் சொல்லி அனுப்பியவன் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான் என்று மத்தியானம் ஒரு ஆள் வந்து சொன்னான். அன்றிலிருந்து அந்த வார்த்தை அவள் வாயில் வரவில்லை. ரைட் என்று சொல்லவேண்டிய இடத்தில் "சரி" என்பாள், "ஆகட்டும்" என்பாள்.

மருமகள் எங்கும் போகவில்லை. மாமனார் மாமியாரோடேயே இருந்தாள். ஒட்டுப்போர்வை தைக்கிற பட்டறையில் அவளுக்கு வேலை. துண்டு துண்டாகத் துணியை வெட்டி, சேர்த்துத் தைத்து, கோலம் மாதிரி போர்வை செய்கிற இடம். இரண்டு மழைக்காலம் ஓடிவிட்டது. கண்டக்டரம்மா கணக்குப் போட ஆரம்பித்தாள். இந்தப் பெண்ணின் வயசு என்ன, நம் வயசு என்ன, நாளைக்கு நாம் கண்ணை மூடினால் இவளுக்கு யார்? ரயில்வேயில் சிக்னல் பார்க்கிற ஒருவர் பட்டறைக்குத் திரைச்சீலை தைக்கக் கொடுக்க வந்தார். தைத்து வாங்கிக்கொண்டு போனார். பிறகு ஏற்கெனவே நன்றாக இருந்த இன்னொரு திரைச்சீலையைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தார். கண்டக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தானே போய் அவரைப் பார்த்தாள், கல்யாணம் பேசினாள், வீட்டுக்கு வந்து மருமகளை நச்சரித்தாள். போ, போ, போ.

கடைசியில் மருமகள் சரி என்றாள். ஆனால் ஒரு நிபந்தனை. புருஷனுடைய சட்டைகளை வைத்து ஒரு போர்வை தைத்துக்கொண்டிருந்தாள் அல்லவா, மாமாவுக்கும் அத்தைக்குமாக, அதன் மேல்துணியைக் கடைசி வரிசை வரை முடித்துக் கையில் கொடுத்துவிட்டுத்தான் போவேன் என்றாள். பஞ்சு வைத்து மூடித் தைப்பதைப் பட்டறையின் பெரிய மிஷின் பார்த்துக்கொள்ளும். சிக்னல்காரரும் தலையாட்டினார். தராசுக்காரர் மட்டும் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அவர் பேச்சே நின்றுபோயிற்று.

அதற்கப்புறம்தான் போர்வை சண்டித்தனம் செய்ய ஆரம்பித்தது.

அந்தப் போர்வை முழுக்க ஒரே உருவம்தான். நடுவில் ஒரு பெரிய முக்கோணம், அதன் இரண்டு தோளிலும் இரண்டு சின்ன முக்கோணம். பட்டறையில் இதற்குப் பறக்கும் வாத்து என்று பெயர். பெரிய முக்கோணம் வாத்து, சின்னது இரண்டும் ஆகாயம். முதல் தடவை கேட்டபோதே, "வாத்தாவது பறக்கிறதாவது, அதுக்கு நடக்கவே தகராறு" என்று கண்டக்டரம்மா சிரித்திருக்கிறாள். வாத்துக்கு மகனின் சட்டை, ஆகாயத்துக்கு ஒரு பழைய வெள்ளை விரிப்பு.

இதில் உயிர்நிலை மூக்கு. முக்கோணத்தின் நுனிக்கு மேலே சரியாகக் கால் அங்குலம் துணி மிச்சம் இருக்கவேண்டும். அடுத்த வரிசையோடு சேர்க்கும்போது தையல் அந்தக் கால் அங்குலத்தைத் தின்றுவிடும், மூக்கு கூர்மையாக வெளியே நிற்கும். தையல் ஒரு மயிரிழை உள்ளே போனாலும் போச்சு. துண்டும் சின்னதாகிவிடும், சேர்க்கிறபோது மூக்கும் வெட்டுப்பட்டுவிடும். ஒரு மயிரிழைதானே என்று விட்டால் வரிசை முடிவதற்குள் விரல் அகலம் குறைந்து நிற்கும்.

போர்வை முக்கால்வாசி வரை ஒவ்வொரு வாத்தும் ஊசி மாதிரி மூக்கோடு வந்தது. மருமகள் சரி என்று சொன்ன பிறகு தைத்தவையெல்லாம் மூக்கறுந்து வந்தன. ஒன்றைக்கூடச் சேர்க்க முடியவில்லை. பிரித்துத் தைக்கவும் வழியில்லை. குறுக்கே வெட்டின துணி, பிரித்தால் இழுபட்டுக் கோணிவிடும். அவள் அவற்றைப் பிஸ்கட் டின்னில் போட்டுவிட்டு அடுத்த சட்டையை எடுப்பாள். போவது ஒரு வாரம் தள்ளிப்போகும். மறுபடி மூக்கறும். மறுபடி தள்ளிப்போகும்.

பட்டறையிலேயே கை சுத்தம் என்று பேரெடுத்தவளுக்கு இது எப்படி நடக்கும்? கண்டக்டரம்மாவுக்கு ஒரு சந்தேகம். இவளுக்குப் போக மனசில்லை, வேண்டுமென்றேதான் கெடுக்கிறாள். சந்தேகம் வந்தபோது கோபம் வந்திருக்கவேண்டும். வந்தது சந்தோஷம். யாருக்கும் தெரியாமல் அதை மென்று முழுங்கிக்கொண்டாள். வெளியே மட்டும், "என்னம்மா, உன் வாத்துக்கெல்லாம் யாரு மூக்கறுத்து விடுறா?" என்று கேலி பேசினாள்.

இப்படியே சட்டைகள் தீர்ந்துபோய், மிச்சம் ஒன்றே ஒன்று. கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய நீலக்கட்டம் போட்ட சட்டை. அவன் கழற்றி மாட்டியது, மாட்டினபடியே இருந்தது. அதைத் துவைக்கவே கூடாது என்று கண்டக்டரம்மா உத்தரவு போட்டிருந்தாள். போகிற வருகிற சாக்கில் அதன் காலரில் முகத்தை வைத்துவிட்டுப் போவாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

நேற்று அதைத் துவைக்க வேண்டியதாகிவிட்டது. துவைக்காத துணியை வெட்டித் தைத்தால் பின்னால் சுருங்கும், சுருங்கினால் வாத்து கோணும். துவைப்பதற்கு முன்னால் மருமகள் அதை ஒரு தடவை முகர்ந்தாள். அத்தையிடம் கொடுத்தாள். அத்தை மாமாவிடம் கொடுத்தாள். தராசுக்காரர் கையில் வாங்கிக்கொண்டு வெகுநேரம் நின்றார், முகரவில்லை, மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சோப்புத் தண்ணீரில் அது முங்கியபோது கண்டக்டரம்மா சமையலறைக்குப் போய், ஒரு வேலையும் இல்லாமல் பாத்திரங்களை இடம் மாற்றி வைத்தாள்.

இன்று காலை மருமகள் அந்தச் சட்டையை மேஜையில் விரித்தாள். கஞ்சி போட்டுத் தேய்த்தது, காகிதம் மாதிரி நின்றது. முதுகுப் பக்கம் நைந்துபோயிருந்தது. முன்பக்கத்தில் ஒரு பெரிய சதுரம் தேறும். ஒரு பெரிய சதுரத்தையும் நாலு சின்ன வெள்ளைச் சதுரத்தையும் வைத்து நாலு வாத்து எடுக்கலாம். வரிசைக்குத் தேவை நாலு. தப்பினால் மறுபடி வெட்ட இந்த வீட்டில் அவன் சட்டை கிடையாது.

வெட்டுவதற்கு முன் கையால் தடவிக்கொண்டே மருமகள் சொன்னாள். "இந்தப் பச்சைப் புள்ளி தெரியுதா அத்தை? தண்ணித் தொட்டிக்கு அடிச்ச பெயிண்ட். பல்லால சொரண்டிப் பார்த்தாரு, போகல. நாக்கு ரெண்டு நாளைக்குப் பச்சையா இருந்துச்சு."

ஒவ்வொரு சட்டையை வெட்டும்போதும் இப்படி ஏதாவது சொல்வாள். கண்டக்டரம்மா ம் என்பாள், தராசுக்காரர் அதுகூடச் சொல்லமாட்டார். ஆனால் இருவரும் அந்த அறையை விட்டு நகரமாட்டார்கள்.

மருமகள் வெட்டினாள். பெரிய சதுரத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு வெள்ளைச் சதுரத்தைக் கவிழ்த்து வைத்து, குறுக்கே பென்சில் கோடு போட்டு, கோட்டின் இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளித் தைத்தாள். கோட்டிலேயே வெட்டினாள். இரண்டு பாதி. இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் எடுத்து எடுத்து வைத்து அமுக்கினாள். ஒரு பாதியில் மூன்றாவது வெள்ளைச் சதுரத்தை வைத்துத் தைத்து வெட்டினாள். இரண்டு வாத்து வந்தது. ஸ்கேலை வைத்துப் பார்த்தாள். நுனிக்கு மேலே கால் அங்குலம், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

கண்டக்டரம்மா ஸ்கேலை வாங்கித் தானும் வைத்துப் பார்த்தாள். சரியாக வந்துவிட்டது. அப்படியானால் இன்று போவது நிஜம்தான்.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தாள். வீட்டில் இருந்த தையல் மிஷினின் தட்டில், ஊசிக்கு வலப்பக்கம், ஒரு டேப் ஒட்டியிருக்கும். துணிமேல் போட்ட கோட்டை அந்த டேப்பின் விளிம்போடு ஒட்டி ஓட்டினால் தையல் தானாகக் கால் அங்குலத்தில் விழும். அத்தைக்கு அவள் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். இன்று அந்தக் கோடு டேப்பைத் தொடவே இல்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி, வெறும் கண்மதிப்பில் ஓட்டினாள்.

"டேப்பை விட்டுட்டு ஏன் தள்ளித் தைக்கிறே?"

"இன்னைக்கு அப்படித்தான் அத்தை" என்று மருமகள் முகம் பார்க்காமல் சொன்னாள். மிச்சப் பாதியை மேஜைமேல் அப்படியே வைத்துவிட்டு, பட்டறையில் கத்திரியையும் சாவியையும் ஒப்படைத்துவிட்டு வந்து தைக்கிறேன் என்று கிளம்பிப் போனாள்.

பெண் போனதும் கண்டக்டரம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மிஷின் முன்னால் குனிந்தாள். டேப்பின் இடப்பக்கத்தில் ஒரு பென்சில் கோடு மெல்லிசாகத் தெரிந்தது. மருமகள் முதன்முதலில் அளந்து போட்ட கோடு அது. டேப்பின் விளிம்பு அந்தக் கோட்டின்மேல் நிற்கவேண்டும். நிற்கவில்லை. ஒரு மயிரிழை விலகி நின்றது. டேப்பும் பழைய காக்கி டேப் இல்லை, வெள்ளை டேப். இரண்டு முனையும் பிளேடால் சாய்வாக வெட்டியிருந்தது.

அப்படி வெட்டுகிறவர் இந்த உலகத்தில் ஒருத்தர்தான். சரிபார்த்த தராசு ஒவ்வொன்றிலும் அவர் ஒட்டுகிற டேப் அது. சதுரமாக வெட்டினால் முனை பிய்ந்துகொள்ளும் என்று வருஷக்கணக்காகச் சாய்வாகத்தான் வெட்டுகிறார்.

கண்டக்டரம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தாள்.

கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு மேஜை, சுற்றிலும் தராசுகள். காய்கறிக் கடைக்காரரின் தராசைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். இவள் கடைக்கு வருகிற வழக்கமே இல்லை. முகத்தைப் பார்த்ததும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டார். எதற்கு வந்திருக்கிறாள் என்று கேட்கவும் இல்லை.

"எவ்வளவு நகத்தினீங்க?" என்றாள்.

"ஒரு முடி அளவு."

"ஏன்?"

உட்கார வேறு இடமில்லாமல் மூட்டை நிறுக்கிற பெரிய தராசின் தட்டிலேயே அவள் உட்கார்ந்தாள். பக்கத்துக் கம்பத்தில் சிவப்பு எண்கள் எரிந்தன. ரகசியமாக அழுகிறவள் என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. இன்று சத்தமே வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. எண்கள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன, ஓரிடத்தில் நிற்கவில்லை. பழக்க தோஷம், தராசுக்காரர் அவளைப் பார்க்காமல் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தராசில் தப்பு இருந்தால் திருகைத் திருப்பிச் சரிபண்ணிவிடலாம். தையலும் அப்படித்தான், பிரித்துத் தைப்பாள், அதற்குள் ஒரு வாரம் ஓடும் என்று நினைத்திருக்கிறார். பிரிக்க முடியாது என்பதோ, ஒவ்வொரு தடவையும் ஒரு சட்டை போகிறது என்பதோ அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது, நகர்த்தியதைத் திரும்ப நகர்த்த மனசு வரவில்லை.

"வாழ்நாள்ல ஒரு கள்ள அளவு வெச்சதில்ல நான்" என்றார். "ஒண்ணே ஒண்ணு வெச்சேன். அது என் புள்ளை சட்டையைத் தின்னுடுச்சு."

"அவ சின்னப் பொண்ணுங்க. நம்மகூட உக்காந்து கிழவியாகணுமா?"

"போக வேணாம்னு நானும் சொல்லல." அவர் கையைத் துடைத்தார், மறுபடியும் துடைத்தார். "அவ போயிட்டா அவனைப் பத்தி அந்த வீட்டுல யாரு பேசுவா? நாம ரெண்டு பேரும் பேசமாட்டோம். இவ்வளவு நாள்ல ஒரு தடவை பேசியிருக்கோமா? அந்தப் பச்சை நாக்குக் கதை எனக்கு இன்னைக்குத்தான் தெரியும்."

அவர் சொன்னது சத்தியம். மகன் பேச்சை எடுத்தால் மற்றவர் உடைந்துபோவார் என்று பயந்து பயந்து, இருவருமே அவனை அந்தப் பெண்ணின் வாயிலேயே விட்டுவைத்துவிட்டார்கள்.

கொஞ்சம் தெளிந்ததும், வீட்டுக்கு வந்து அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், மனசில் வைத்துக்கொண்டு அனுப்பக்கூடாது என்றாள். தராசுக்காரர் எழுந்து ஷட்டரை இழுத்து மூடினார். வெயில் நேரத்தில் அந்தக் கடை மூடியதை எதிர்க்கடைக்காரர் அதிசயமாகப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தபோது மருமகள் திரும்பி வந்திருந்தாள். காலையில் எடுத்த இரண்டு வாத்தையும் வரிசையில் சேர்த்திருந்தாள். மிச்சப் பாதி மேஜைமேல் அப்படியே இருந்தது. பிஸ்கட் டின்னின் மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

தராசுக்காரர் மிஷின் பக்கத்தில் போய் நின்றார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "அந்த டேப்பும்மா" என்று ஆரம்பித்தவருக்கு மேலே வரவில்லை.

"தெரியும் மாமா" என்றாள் மருமகள்.

எப்போது தெரியும் என்று கண்டக்டரம்மாதான் கேட்டாள்.

"டேப் மாறின அன்னைக்கே தெரியும். முதல் துண்டு கையில இருக்கும்போதே தெரிஞ்சுடுச்சு." அவள் தலையைக் குனிந்துகொண்டு மாமாவிடமே பேசினாள். "அத்தை போ போன்னு சொன்னாங்க. அம்மா வீட்டுல போன்னாங்க. பட்டறையில எல்லாரும் போன்னாங்க. ஒருத்தராவது இருன்னு சொல்வாங்களான்னு பார்த்தேன். நீங்க வாயே திறக்கல. அந்த டேப்தான் மாமா சொல்லுச்சு. அதனால அதை ஒட்டியே தைச்சேன்."

கண்டக்டரம்மாவுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. இந்தப் பெண் நன்றாக இருக்கவேண்டும் என்றுதானே வாய் வலிக்க வலிக்கச் சொன்னாள். ஒரு தடவையாவது, நீ போனால் எனக்குத் தாங்காதடி, ஆனாலும் போ என்று சொல்லியிருக்கலாம். முன்பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியை மட்டும் இத்தனை நாள் கத்தியிருக்கிறாள்.

"சட்டையெல்லாம் வீணாப் போச்சேம்மா" என்று தராசுக்காரர் முனகினார்.

மருமகள் எழுந்து, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து பிரித்துக் காட்டினாள். இன்னொரு போர்வையின் மேல்துணி. சின்னது, ஒரு ஆள் போர்த்திக்கொள்கிற அளவு. மூக்கறுந்த வாத்துகள் அத்தனையும் அதில் இருந்தன. பட்டறையில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து சேர்த்திருக்கிறாள். கிட்டே போய்ப் பார்த்தால் ஒரு வாத்துக்கும் மூக்கு கிடையாது, நுனியெல்லாம் மொட்டை. ஆனால் ஒரு வரிசையும் கோணவில்லை, ஒரு மூலையும் இழுக்கவில்லை.

"எல்லாம் ஒரே அளவு தப்பு மாமா. அதனால ஒண்ணோட ஒண்ணு சரியாச் சேந்துடுச்சு" என்றாள். "பெரிய போர்வை உங்களுக்கு. இதை நான் எடுத்துட்டுப் போறேன்."

தராசுக்காரர் அந்தத் துணியைக் கையில் வாங்கினார். நேற்றுச் சட்டையை முகராமல் கொடுத்த மனுஷன், இன்று இதை முகத்தில் வைத்துக்கொண்டு, பெண்ணுக்கு முன்னால் என்றுகூடப் பார்க்காமல், விக்கி விக்கி அழுதார். மருமகள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டரம்மா தேற்றப் போகவில்லை. அவர் அழுது அவள் பார்த்து எவ்வளவு நாளாயிற்று, அழட்டும் என்று விட்டுவிட்டாள்.

வெயில் தாழ்ந்துவிட்டது. மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மேஜைமேல் இருந்த பாதியைத் தொட்டாள்.

"அத்தை, இந்தக் கடைசி ரெண்டு மட்டும் இப்படியே இருக்கட்டுமே. அப்புறம் ஒருநாள் வந்து தைக்கிறேன்."

குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் கண்டக்டரம்மாவுக்குப் புரிந்தது. இது இன்னொரு டேப். இந்தப் பாதி இங்கே முடியாமல் கிடந்தால் இவள் மனசும் இங்கேயே கிடக்கும். புது வீட்டில் ஒரு கால், இங்கே ஒரு கால் என்று எத்தனை நாள் நிற்பாள்? ஆகட்டும் கண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சொல்லிவிடு சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது.

"நகரு" என்றாள். "நான் தைக்கிறேன்."

தராசுக்காரர் குனிந்து, வெள்ளை டேப்பை நகத்தால் உரித்தார். சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பென்சில் கோட்டின்மேல் அதைத் திரும்ப ஒட்டினார். கட்டைவிரலால் அழுத்தி விட்டார். பிறகு விலகி நின்றார்.

கண்டக்டரம்மா உட்கார்ந்தாள். இதுவரை அவள் தைத்த ஒரு வாத்தும் உருப்பட்டதில்லை. ஓடுகிற பஸ்ஸில் நின்றே பழகின கை, நேர்க்கோடு அதற்கு ஆகாது என்பாள் மருமகள். இப்போது கை ஒரு மயிரிழை நழுவினால் போதும். மூக்கு அறுந்துவிடும், வேறு சட்டையும் இல்லை, போர்வை முடியாது. யாரும் அவளைக் குற்றம் சொல்லமாட்டார்கள். கண்ணாடியை மாற்றவேண்டும் என்பார்கள், அவ்வளவுதான்.

வெள்ளைச் சதுரத்தை மூலையில் வைத்தாள். குறுக்கே கோடு போட்டு, கோட்டை டேப்போடு ஒட்டினாள். காலை மெதுவாக அழுத்தினாள். மனசுக்குள் பேசிக்கொண்டே போனாள். போயிட்டு வாடி. அங்கேயும் யார்கிட்டயாவது அவனைப் பத்திச் சொல்லு. சொல்லாட்டியும் பரவாயில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தையல், அந்தப் பக்கம் ஒரு தையல். நூலை அறுத்தாள். மருமகள் கோட்டில் வெட்டி, அமுக்கி, ஸ்கேலை வைத்தாள்.

இரண்டு வாத்து. ஒன்றின் வயிற்றில் அந்தப் பச்சைப் புள்ளி. இரண்டின் நுனிக்கு மேலேயும் சரியாகக் கால் அங்குலம்.

மருமகள் ஸ்கேலை எடுக்கவே இல்லை. எங்கேயாவது தப்பு தெரியாதா என்று தேடுகிறவளாக அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டையும் வரிசையின் நுனியில் சேர்த்து, வரிசையைப் போர்வையோடு சேர்த்து, ஒரே நீளத் தையலாக ஓட்டி முடித்தாள். போர்வை மிஷினிலிருந்து வழுக்கி அத்தையின் மடியில் விழுந்தது. அவன் சட்டைகள் எல்லாம் அங்கே இருந்தன, அத்தனை மூக்கும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு.

கீழே வேன் நிற்கிற சத்தம் கேட்டது. கதவு சாத்துகிற சத்தம். படியில் ஒரு ஆளின் காலடி. வாசல் மணி அடித்தது.

"நான் திறக்கிறேன்" என்று தராசுக்காரர் நடந்து போனார். சிக்னல்காரர் முன்பு வந்தபோதெல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லிக் கடைக்கு ஓடிவிடுகிறவர் அவர். இன்று தானாகப் போய் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தார்.

மருமகள் சின்னப் போர்வையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டாள். பெட்டியைத் தூக்கவில்லை. அத்தைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அத்தை, ஒரு தடவை சொல்லுங்க."

எதை என்று கண்டக்டரம்மா கேட்கவில்லை. அந்த வார்த்தையைக் கடைசியாகச் சொன்ன காலை அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. உறுமிக்கொண்டு இறங்கியவன் திருப்பத்தில் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துச் சிரித்தான். சொல்லி அனுப்பினால் திரும்பி வரமாட்டார்கள் என்று அன்றிலிருந்து அவளுக்குள் ஒரு பயம். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரிந்தது?

"பயமா இருக்குடி" என்றாள்.

"தெரியும். அதான் கேக்கிறேன். நான் திரும்பி வந்து காட்டறேன்."

மணி இரண்டாவது தடவை அடித்தது. கண்டக்டரம்மா மருமகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கடைசி சீட்டில் தூங்குகிறவனைக்கூட எழுப்பிவிடுகிற அந்தக் குரல், பக்கத்தில் நிற்கிறவளுக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு இறங்கிப்போயிருந்தது.

"போலாம், ரைட்" என்றாள்.

மருமகள் சிரித்தாள், சிரிப்பிலேயே உதடு கோணியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினாள்.

தராசுக்காரர் கதவுக்கு முகத்தைத் திருப்பியபடி நின்றுகொண்டிருந்தார். வெளியே சிக்னல்காரர் "சார்" என்று கூப்பிடுவது கேட்டது. உள்ளே இரண்டு பெண்களும் காத்திருந்தார்கள்.

தாழ்ப்பாளைப் பிடித்த அவருடைய கை இன்னும் அசையவில்லை.